சென்னை டு கொடைக்கானல், சின்னப் பசங்களோட கார்ல: மே மாச லீவுக்கு முழு வழிகாட்டி

எங்க வீட்ல ரெண்டு பேர், பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு ஒன்றரை. கொடைக்கானலுக்கு மூணு தடவ கார்லயே போயிட்டு வந்துட்டோம், மூணும் மே மாசத்துலதான். மொத தடவ பெரியவ மட்டும்தான், அப்ப அவளுக்கு ரெண்டு வயசு. எல்லாரும் சொன்னாங்கன்னு ராத்திரி பதினோரு மணிக்கு தாம்பரத்துல கெளம்பி ஒரே மூச்சா ஓட்டினோம். விடியக்காலைல மணப்பாறை தாண்டினப்போ வண்டி ஓட்டின எங்க வீட்டுக்காரருக்கு கண்ணு சொருகுது, மலை ஏற ஆரம்பிச்சதும் பாப்பா நாலு தடவ வாந்தி எடுத்தா, மேல போய் சேந்தப்போ காய்ச்சல், ரெண்டு நாள் ரூமை விட்டு வெளியவே வரல. ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் அந்த மாதிரி எதுவுமே நடக்கல, ஏன்னா அதே ரோட்டை வேற மாதிரி பிரிச்சுக்கிட்டோம். மேப்ல காட்டுற மணி நேரத்தை நம்பாம குழந்தைங்க எப்போ தூங்குவாங்க, எப்போ பசிக்கும்னு அதை வெச்சு ரோட்டை வெட்டணும், அவ்ளோதான் விஷயம். எப்டின்னு கீழ ஒவ்வொண்ணா எழுதுறேன், மே மாசம் போறவங்களுக்கு கண்டிப்பா உதவும்.

மொதல்ல தேதி, ஈ-பாஸ், ரூம்

2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஈ-பாஸ் கட்டாயம் ஆயிடுச்சு, ஹைகோர்ட் உத்தரவு. காசு எதுவும் கெடையாது, ஆன்லைன்ல வண்டி நம்பர், எத்தன பேரு, எந்தத் தேதிலேந்து எந்தத் தேதி வரைக்கும், எங்க தங்குறீங்கன்னு கொடுத்தா க்யூஆர் கோடு வந்துடும். ஆனா 2025 சீசன்ல ஒரு நாளைக்கு இத்தன வண்டிதான்னு கணக்கும் வெச்சாங்க, கொடைக்கானலுக்கு வார நாள்ல 4000, சனி ஞாயிறுல 6000. அதனால ரூம் போட்டுட்டு அப்புறம் பாஸ் எடுக்கலாம்னு இருக்காதீங்க, ரெண்டையும் ஒரே நாள்ல முடிங்க. பாஸை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, மலைல டவர் விட்டு விட்டுத்தான் கெடைக்கும்.

கெளம்புறதுக்கு திங்கக்கிழமைய விட நல்ல நாள் கெடையாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மலைல இருந்து கூட்டம் எறங்கிடும், நீங்க செவ்வாய்க்கெழம மேல போனா ரோடும் காலி, ஏரியும் காலி. மேல மூணு ராத்திரி, வழியில ஒரு ராத்திரி, வரும்போதும் ஒரு ராத்திரி. சின்னக் குழந்தை இருக்குற வீட்டுக்கு இதுக்கு கம்மியா பிளான் போட்டா லீவு முழுக்க கார்லயே போயிடும். லீவு அவ்ளோ கெடைக்கலன்னா மேல ஒரு ராத்திரிய கொறச்சுக்கோங்க, வழித்தங்கலை மட்டும் கொறைக்காதீங்க.

ரூம் எடுக்கும்போது வியூவைப் பாக்காதீங்க, வாசல் வரைக்கும் கார் போகுமான்னு கேளுங்க. தூங்குற குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு குளிர்ல அறுபது படி எறங்கினவ சொல்றேன். வெந்நீர் எந்நேரமும் வருமா, கெட்டில் இருக்கா, காலைல இட்லி கெடைக்குமான்னும் கேட்டுக்கோங்க.

ரெண்டாவது, வண்டி

மே 4-ல இருந்து 28 வரைக்கும் அக்னி நட்சத்திரம், தார் ரோடு கொதிக்கும், டயருக்குத்தான் அதிக சோதனை. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319-னு இருந்தா 2019-ல 23-வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். பட்டன் (டயர் மேல இருக்குற மேடு பள்ளம்) நல்லாத்தானே இருக்குன்னு ஆறு ஏழு வருஷ டயரோட ஹைவேல ஏறாதீங்க. காத்து, வண்டி ஓடாம ஆறி இருக்கும்போது காலைல புடிக்கணும், எவ்ளோன்னு டிரைவர் கதவைத் தெறந்தா ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்க, எங்களுது ஒரு தடவ பாதிகூட காத்து இல்லாம இருந்துச்சு. கூலன்ட், பிரேக் பேட், வைப்பர், ஏசி, நாலையும் ஒரு வாரம் முன்னாடியே மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க. முந்தின நாள் போனா அவரு ஒரு பார்ட்டு மாத்தணும்னு சொல்லுவாரு, அது கெடைக்காது. ஃபாஸ்டேக்ல காசு போட்டு வெச்சுக்கோங்க, பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம்னு திருச்சிக்குள்ளயே ஆறு டோல்.

மூணாவது, கார் சீட். இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க

நம்ம ஊர்ல குழந்தைய மடியில வெச்சுக்கிட்டா அதுதான் பத்திரம்னு நெனைக்கிறோம், எங்க அத்தையும் அப்படித்தான் சொன்னாங்க, பாசத்துலதான் சொன்னாங்க. ஆனா 80-ல போற வண்டி சட்டுனு மோதி நின்னா பத்து கிலோ குழந்தையோட வேகத்தை எந்தக் கையாலயும் புடிச்சு நிறுத்த முடியாது. முன் சீட்ல மடியில வெச்சிருந்தா இன்னும் மோசம், ஏர்பேக் வெடிச்சு விரியிற வேகம் குழந்தை மேலதான் விழும். சட்டத்துலயும் இருக்கு, 2019 மோட்டார் வாகனத் திருத்தத்துல 14 வயசுக்கு கீழ இருக்குற பிள்ளைங்கள பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிட்டுப் போனா 1000 ரூபா ஃபைன். ஃபைனுக்காக இல்ல, உங்க குழந்தைக்காக வாங்குங்க.

கைக்குழந்தைன்னா சீட் பின்னாடி கண்ணாடிய பாத்த மாதிரி இருக்கணும், ஏன்னா குழந்தையோட கழுத்து இன்னும் பலமில்ல, தலை மட்டும் பெருசு, முன்னாடி பாத்து உக்காந்திருந்தா பிரேக் அடிக்கும்போது தலையோட கனம் முழுசும் கழுத்துல இழுக்கும். சீட்டோட எடை அளவு எடங்கொடுக்குற வரைக்கும் பின்னாடி பாத்தே வைங்க. அந்த மாதிரி சீட்டை முன்னாடி ஏர்பேக் இருக்குற எடத்துல போடவே கூடாது. அஞ்சு வயசுக்காரங்களுக்கு பெல்ட் கழுத்துல அறுக்காம தோள் மேல உக்காருற மாதிரி பூஸ்டர் சீட். வாங்கினதும் ட்ரிப் அன்னிக்கு மாட்டாதீங்க, ரெண்டு வாரம் முன்னாடியே மாட்டி கடைக்கு, பாட்டி வீட்டுக்குன்னு அதுல உக்கார வெச்சுப் பழக்குங்க. சின்னவன் மொத மூணு நாள் அலறினான், நாலாவது நாள் அவனே ஏறி உக்காந்தான்.

இன்னொண்ணு, சீட்டை எந்தப் பக்கம் போடுறதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. காலைல சென்னைல இருந்து தெக்கால போகும்போது வெயில் இடது பக்கம் அடிக்கும். சின்னவனை டிரைவருக்குப் பின்னாடி வலது பக்கம் போட்டோம், திருச்சி வரைக்கும் அவன் முகத்துல வெயிலே படல. இடது பக்க பின் கண்ணாடிக்கு வலை மாதிரி சன் ஷேடு ஒட்டிக்கலாம். பின் கதவுல சைல்டு லாக், பவர் விண்டோ லாக் ரெண்டையும் போடுங்க. சன்ரூஃப்ல குழந்தைய நிக்க வெக்கிறவங்கள ஹைவேல பாக்குறப்போ நெஞ்சு பதறுது, தயவு செஞ்சு செய்யாதீங்க.

நாலாவது, பை கட்டுறது

துணி எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடறேன். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் மட்டும் டிக்கியோட அடியில போயிடாம மேலாப்புல வைங்க. கீழ 40 டிகிரில எரிஞ்சுட்டு மேல ஏறினதும் ராத்திரி குளிரும், கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம்.

கைக்கு எட்டுற மாதிரி ஒரு தனிப் பை வேணும், அதுல ஒவ்வொரு குழந்தைக்கும் ரெண்டு செட் துணி, பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒரு சட்டை (வாந்தி நம்ம மேலதான் விழும்), டவல், ஈரத் துணி, டயாபர், குப்பைக்கு பை, மூடி போட்ட பெரிய டப்பா ஒண்ணு. அந்த டப்பா வாந்திக்கு, பாலித்தீன் கவரை விட ஆயிரம் மடங்கு மேல், மூடிட்டா நாத்தம் வராது. பெரியவளுக்கு பசங்க உக்காந்து போற சின்ன டாய்லெட் சீட் ஒண்ணும் டிக்கில போட்டுக்கிட்டோம், அவசரத்துக்கு ரோட்டோரம் அதுதான் கை கொடுத்துச்சு.

தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில், கூட ஒரு பெரிய கேன். கொடைக்கானல்ல 5 லிட்டருக்கு கீழ பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு தடை இருக்கு, கடைல கட்டுக்கட்டா வாங்கிட்டுப் போகாதீங்க.

மருந்துல ஓஆர்எஸ் கண்டிப்பா. டபுள்யூஹெச்ஓ ஃபார்முலான்னு போட்ட பொடி பாக்கெட்டா பாத்து வாங்குங்க, டெட்ரா பேக்ல இனிப்பா விக்கிறது வேற. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, அதுல போட்டிருக்குற அளவு தண்ணிய மாத்தாதீங்க. காய்ச்சல் மருந்து உங்க குழந்தை எடைக்கு எத்தன மில்லின்னு டாக்டர்ட்ட கேட்டு பாட்டில் மேலயே எழுதி ஒட்டிடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கணக்கு போட வராது. வாந்தி மருந்தை மெடிக்கல்ல கேட்டு நீங்களா கொடுக்காதீங்க, ப்ரோமெத்தசின் ரெண்டு வயசுக்கு கீழ கொடுக்கவே கூடாது.

அஞ்சாவது, சாப்பாடும் தண்ணியும்

மொத நாள் சாப்பாடு முழுக்க வீட்டுதுதான். பொடி தடவின இட்லி, புளிசாதம், சப்பாத்தி. தயிர்சாதம் வேண்டாம், வெயில்ல பத்து மணிக்கெல்லாம் புளிச்சிடும், வேணும்னா பாலை ஊத்திப் பிசைஞ்சு கொஞ்சமா தயிர் விட்டு எடுத்துக்கோங்க, அதையும் பத்து மணிக்குள்ள முடிச்சிடுங்க. போன வருஷம் வழியில ஒரு ஹோட்டல்ல சாம்பார் சாதம் வாங்கி பெரியவளுக்கு வயித்தால போச்சு, அதுக்கப்புறம் வெளிய வாங்கினா ஆவி பறக்குற இட்லி, தோசை மட்டும்தான்.

நுங்கு, இளநீர், வெள்ளரிக்கா எல்லாம் சீசன், ரோடு பூரா விப்பாங்க, ஆசையா வாங்கிக் கொடுங்க. ஆனா நுங்கு வழுக்கும், முழுசா கொடுத்தா தொண்டைல சிக்கும், சின்னதுங்களுக்கு நசுக்கிக் கொடுக்கணும். திராட்சைய நீளவாக்குல வெட்டுங்க. முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் நாலு வயசுக்குள்ள இருக்குறவங்களுக்கு ஓடுற கார்ல வேண்டவே வேண்டாம். வெட்டி வெச்ச தர்பூசணிய விட்டுடுங்க, முழுசா வாங்கி நீங்களே வெட்டிக்கோங்க.

ஆறு மாசத்துக்கு கீழ இருக்குற குழந்தைக்கு எவ்ளோ வெயில் அடிச்சாலும் தண்ணி கொடுக்கக் கூடாது, தாய்ப்பால்தான், அடிக்கடி. வண்டிய நிறுத்திட்டு கொடுங்க, ஓடும்போது சீட்ல இருந்து எடுக்காதீங்க. மத்த பிள்ளைங்களுக்கு அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா தண்ணி. ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகல, வாய் காஞ்சிருக்கு, அழுதா கண்ணீர் வரல, சோந்து சோந்து படுக்குதுன்னா ட்ரிப்பை மறந்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க. 108-ஐ எல்லாருக்கும் தெரியும், ஹைவேல வண்டி நின்னு போனா 1033.

ஆறாவது, மொத நாள்: தாம்பரம் டு திருச்சி

நாங்க கெளம்புறது காலை நாலே முக்கால். ஓட்டுறவரு முந்தின ராத்திரி ஒம்போது மணிக்கே படுத்திடணும், பை கட்டுற வேலைய அவர்ட்ட கொடுக்காதீங்க. நடுராத்திரி கெளம்பினா பசங்க தூங்கிடுவாங்கன்னு சொல்றது உண்மைதான், ஆனா மூணுல இருந்து அஞ்சு மணிக்குத்தான் ஓட்டுறவருக்கும் தூக்கம் அழுத்தும், அந்த நேரத்துல நின்னுட்டு இருக்குற லாரி மேல போய் மோதின செய்தி எத்தன படிச்சிருக்கோம். நாலே முக்காலுக்கு பசங்கள தூக்கத்தோடயே சீட்ல போட்டா விக்கிரவாண்டி வரைக்கும் பாதி நேரம் தூங்குவாங்க, அரை மணில பொழுதும் வெளுக்க ஆரம்பிச்சிடும்.

ஏழு மணி சுமாருக்கு விக்கிரவாண்டி பக்கம் மொத நிறுத்தம், முக்கால் மணி நேரம். பாத்ரூம், இட்லி, அப்புறம் பசங்க ஓடணும், அதுக்கு எடம் இருக்குற ஹோட்டலா பாருங்க. இது வீண் நேரம்னு அவரு மொதல்ல முணுமுணுப்பாரு, இப்ப அவரே பந்து எடுத்துட்டு வர்றாரு. கைக்குழந்தை கார் சீட்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே மாதிரி இருக்கக் கூடாது, வெளிய எடுத்து முதுகை நீட்டி படுக்க வைங்க. அடுத்த நிறுத்தம் பெரம்பலூர் பக்கம் ஒம்போதே முக்காலுக்கு. எந்த பெட்ரோல் பங்க்லயும் கழிப்பறைய தாராளமா கேளுங்க, காசில்லாம கொடுக்கணும்னுதான் விதி.

பத்தரைல இருந்து வெயில் கொளுத்தும், அப்போ திருச்சிய நெருங்கிடலாம், பதினொண்ணுக்கு ரூம் போயிடலாம். முன்னாடியே ஃபோன் பண்ணி சீக்கிரம் செக்-இன் கேட்டு வைங்க. மத்தியானம் எல்லாரும் தூங்குங்க. சாயங்காலம் நாலரைக்கு மேல ஸ்ரீரங்கத்து பக்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சி பூங்காவுக்கு கூட்டிட்டுப் போங்க, 25 ஏக்கர், மரமும் குட்டைங்களும் இருக்கு, பெரியவ அங்க இருந்து வர மாட்டேன்னு அழுதா. ஆறு பாக்கணும்னா முக்கொம்பு, 1830-கள்ல ஆர்தர் காட்டன் கட்டின மேலணை அங்கதான் இருக்கு, மே மாசத்துல மணல்தான் அதிகம் தெரியும், பசங்களுக்கு அதுவே போதும். தண்ணி இருந்தா எறக்காதீங்க.

நிறுத்துற எடத்துல ஒரு விஷயம். வெயில்ல நிக்கிற காருக்குள்ள பத்தே நிமிஷத்துல பத்து டிகிரி ஏறிடும், கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விட்டாலும் பெருசா வித்தியாசம் வராது. தூங்குறானேன்னு ரெண்டு நிமிஷத்துக்குக்கூட குழந்தைய உள்ள விட்டுட்டுப் போகக் கூடாது. திரும்பி வந்து ஏத்தும்போது நாலு கதவையும் தெறந்து சூட்டை வெளியேத்திட்டு, பெல்ட்டோட பக்கிளை உங்க கையால தொட்டுப் பாத்துட்டு மாட்டுங்க, அந்த இரும்பு தொடைல பட்டா கொப்பளிச்சிடும்.

ஏழாவது, மலை ஏறுற நாள்

அஞ்சரைக்கு கெளம்பினா ஏழு மணிக்கு திண்டுக்கல். அங்க காலை சாப்பாடு, இட்லி ரெண்டே ரெண்டு, பாலும் எண்ணெயும் வேண்டாம். வெறும் வயித்தோட ஏத்தினாலும் வாந்தி வரும், வயிறு முட்ட ஏத்தினாலும் வரும். செம்பட்டி வழியா வத்தலக்குண்டு, அங்க ஒரு தடவ பாத்ரூம் போயிட்டு காட்ரோடுல இருந்து மலை ஆரம்பம். பழனி வழியும் இருக்கு, அது இன்னும் செங்குத்து, வாந்தி எடுக்குற பிள்ளைங்களோட வேண்டாம்.

வாந்தி ஏன் வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி தடுத்திடலாம். காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு உடம்பு ஆடுதுன்னு சொல்லுது, கண்ணு மடில இருக்குற ஃபோனைப் பாத்துக்கிட்டு ஒண்ணும் ஆடலன்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப்போகாம மூளை கொழம்பிடுது. அதனால மலைல ஃபோன், டேப், படப்புத்தகம் எதுவும் கெடையாது. தூரத்துல மலைய பாக்கச் சொல்லுங்க, எத்தன குரங்கு வருதுன்னு எண்ணச் சொல்லுங்க, கதை சொல்லுங்க. ஏசிய அணைச்சுட்டு கண்ணாடிய பாதி எறக்கிடுங்க. பெரியவளை நடு சீட்ல போட்டா முன் கண்ணாடி வழியா ரோடு தெரியும், அதுலயே நல்ல வித்தியாசம் இருந்துச்சு, நடுவுல மூணு பாயின்ட் பெல்ட் இருந்தா மட்டும் செய்ங்க. ஓட்டுறவரு வளைவுக்கு முன்னாடியே வேகத்தை கொறச்சு ஒரே சீரா திருப்பணும், வளைவுக்குள்ள போய் பிரேக் அடிச்சா குடல் பொரட்டும்.

குழந்தை திடீர்னு பேச்சை நிறுத்திட்டு வெளுத்துப் போய் எச்சில் முழுங்கிட்டே இருந்தா அஞ்சு நிமிஷத்துல வாந்தி வரும்னு வெச்சுக்கோங்க, உடனே அகலமான எடத்துல ஓரங்கட்டுங்க. கைக்குழந்தை காது அடைச்சு அழும், நிறுத்தி பால் கொடுத்தா முழுங்க முழுங்க சரியாயிடும். டம்டம் பாறைல கண்டிப்பா நிறுத்துங்க, அங்க இருந்து எலிவால் அருவி தெரியும், 297 மீட்டர். கைல தின்பண்டம் வேண்டாம், குரங்கு பசங்க கைல இருந்தே புடுங்கும். செக்போஸ்ட்ல பாஸ் காட்டிட்டு, பெருமாள் மலை தாண்டி வெள்ளி அருவில கூட்டம் இருந்தா நிக்காமப் போயிடுங்க. பதினொண்ணுக்குள்ள மேல போயிடலாம்.

மேல மூணு நாள்

மொத நாள் எங்கயும் போகாதீங்க. ரூம், தூக்கம், சாயங்காலம் ஏரிக்கரை. 1863-ல லெவிஞ்சுங்கிற கலெக்டர் முயற்சியில உருவாக்கின ஏரி அது, சுத்தி 5 கிலோமீட்டர். பசங்களோட முழுசா சுத்தணும்னு இல்ல, பாதி போய் சூடா சோளம் வாங்கிட்டு திரும்பலாம்.

அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரே எடம். காலை ஏழரைக்கு கோக்கர்ஸ் வாக், மேகம் மூடுறதுக்கு முன்னாடி, அப்புறம் ப்ரையன்ட் பூங்கா, ரெண்டும் பக்கம் பக்கம். குணா குகை, தூண் பாறைன்னு பத்து எடம் காட்டுறேன்னு சொல்ற ஒரு நாள் டூர் எல்லாம் சின்னப் பசங்களுக்கு வேண்டாம், மே மாசத்துல அந்த ரோட்டுல வண்டிக்குள்ள உக்காந்திருக்குறதுதான் நடக்கும். மன்னவனூர்ல ஆட்டுப் பண்ணையும் புல்வெளியும் பசங்களுக்கு சொர்க்கம், ஆனா மறுபடி வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, வாந்தி வராதவங்க மட்டும் போங்க. பொழுது சாஞ்சா ரூமுக்கு வந்துடுங்க, காட்டுமாடு ஊருக்குள்ளயே நடக்கும், பக்கத்துல போய் போட்டோ எடுக்காதீங்க. எவ்ளோ குளிரினாலும் ரூமுக்குள்ள கரி அடுப்போ பார்பெக்யூ அடுப்போ வெக்காதீங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கெடையாது, தூக்கத்துலயே உசுரு போயிடும்.

எறங்குறது

காலை டிபனுக்கு முன்னாடியே எறங்கிடுங்க, ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் போதும், வத்தலக்குண்டுல சாப்டுக்கலாம். ஏறுன கியர்லயே எறங்கணும், ரெண்டாவது மூணாவதுல இன்ஜினே வண்டிய புடிச்சுக்கும். ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோட், இல்லன்னா எல் கியர் போட்டுக்கோங்க. பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்கினா சூடாகி கருகுன வாசனை வரும், அப்டி வந்தா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. கீழ இருந்து மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுறதுதான் மலை ரோட்டு மொறை.

திருச்சில மறுபடி ஒரு ராத்திரி. மறுநாள் காலைல வடக்க பாத்துப் போறதால வெயில் இப்ப வலது பக்கம் வரும், சின்னவன் சீட்டை இடது பக்கம் மாத்துங்க, ஷேடை வலது பக்கம் ஒட்டுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் உள்ள வராதீங்க, பரனூர்ல ஆரம்பிச்சு பெருங்களத்தூர் வரைக்கும் வண்டி நகராது, ரெண்டு நாளா நல்லா இருந்த பசங்க அந்த ரெண்டு மணி நேரத்துல அழுது தீத்துடுவாங்க. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு வெச்சு சாப்ட்டு படுத்தா, ஞாயித்துக்கிழமை முழுசும் துணி துவைக்கவும் கார் சீட்டு கவரைக் கழட்டி அலசிக் காயப்போடவும் சரியா இருக்கும்.